துளையைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள்

பிள்ளைக்குப் புள்ளி ஏறவில்லையா, ரியர் சைட்டை மாற்று. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் இன்று இதுதான் வேதவாக்கு. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, மேற்கே போனால் வண்டலூர், தாம்பரம் என்று எங்கெல்லாம் ஒரு மாடியைப் பத்து மீட்டர் நீளத்துக்கு ஒழித்து ஏர் ரைபிள் பயிற்சி நடக்கிறதோ, அங்கெல்லாம் பிள்ளை சேர்ந்த சில மாதத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பக்கத்து லேன் பையன் புது சைட் போட்டான் சார், எட்டுப் புள்ளி ஏறிடுச்சு. நாங்களும் ஜெர்மனியிலேர்ந்து வரவழைக்கலாம்னு இருக்கோம்" என்பார் ஓர் அப்பா. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். வருடாந்திர போனஸ் வந்த வாரமாக இருக்கும். பயிற்சியாளர் மறுக்க மாட்டார். சில இடங்களில் சைட்டை வரவழைத்துக் கொடுப்பவரே அவர்தான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தம்பியும் உண்டு. வாங்கிய சைட்டை ரைபிளின் மேல் ரெயிலில் ஏதோ ஓரிடத்தில் வைத்துத் திருகிவிடுவார்கள். அதன் பிறகு அது அசையாத சாமி. "முகத்தை அங்க கொண்டு போய்ப் பழகும்மா, ஆறு மாசத்துல செட் ஆயிடும்" என்பது உத்தரவு. பிள்ளை கழுத்தை நீட்டி, தலையைக் குனிந்து, புருவத்துக்கு அடியிலிருந்து துளையைத் தேடும். ஆறு மாதத்தில் உண்மையிலேயே செட் ஆகிவிடும். தப்பாக செட் ஆகிவிடும்.

விலை பார்த்து சைட் தேர்ந்தெடுப்பது, கடைசியில் மாட்டி அதற்கு முகத்தைப் பழக்குவது என்ற இந்த இரண்டு வழக்கங்களும் தவறு. ரியர் சைட்டைக் கடைசியாக மாட்டலாம். ஆனால் பிள்ளை நிற்கிற நிலைக்கும் தலை சாய்கிற இடத்துக்கும் ஏற்ப மாட்ட வேண்டும். கண் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே துளை போக வேண்டும். இதைச் செய்தபின் இருக்கிற சைட்டே போதுமானதாக இருப்பதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

ரைபிள் பிடித்துப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். போட்டி ஏர் ரைபிள் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. 4.5 மி.மீ. பெல்லட்டை ஒவ்வொரு முறையும் விரலால் எடுத்து வைத்து, லீவரை மூடிச் சுட வேண்டும். தகுதிச் சுற்றில் இப்படி 60 முறை. (2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூலுக்குக் குறைந்த ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். இந்த விளையாட்டு நம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரை வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.) பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. நடுவிலுள்ள பத்தின் விட்டம் அரை மி.மீ.தான்; பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. குழல் முனையில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு வளையம்: அது பிரண்ட் சைட். கண்ணருகே சிறு துளையோடு ஒரு பெட்டி, மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு: அது ரியர் சைட். பீப் என்றும் சொல்வார்கள். திருகைத் திருப்பினால் டக் டக் என்று கிளிக் கேட்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் துளை ஒரு துளி நகரும்.

அந்தத் துளி எவ்வளவு பெரிது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு பத்து மீட்டர். ஆக, ரியர் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் இலக்கில் பன்னிரண்டரை மடங்கு, அதாவது 1.25 மி.மீ. நகரும். பத்துக்குள் தசமப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் கால் மி.மீ.தான் இடம். ஆகவே 0.1 மி.மீ. ஆட்டம் 10.9ஐ 10.4, 10.5க்கு இழுத்துவிடும். "பாத்தீங்களா, அதுக்குத்தான் நல்ல சைட் வாங்கச் சொல்றோம்" என்பார்கள். சரி, திருகில் ஆட்டம் உள்ள சைட் ஆகாது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அடுத்த கேள்வியில். உங்கள் சைட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? ரைபிளை மணல் பையில் அசையாமல் வைத்து ஐந்து சுடுங்கள். பத்து கிளிக் வலம், ஐந்து. பத்து கிளிக் மேலே, ஐந்து. பத்து இடம், ஐந்து. பத்து கீழே, ஐந்து. கடைசி ஐந்தும் முதல் ஐந்து விழுந்த அதே இடத்தில் விழுந்து சதுரம் மூடிக்கொண்டால் அந்த சைட்டைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. மொத்தச் செலவு இருபத்தைந்து பெல்லட். ஐந்திலக்கத்தில் பணம் கட்டி சைட் வரவழைத்தவர்களிடம் பழையதை இப்படிச் சோதித்தீர்களா என்று கேட்டால், சோதனையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். சதுரம் மூடாத சைட்டும் உண்டு. அதைத் தூக்கிப் போட நானே சொல்வேன். மூடுகிற சைட்டைத் தூக்கிப் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சதுரம் மூடுகிற இரண்டு சைட்டுகளில் விலை உயர்ந்தது கூடுதலாகத் தருவது என்ன? இன்னும் நுண்ணிய கிளிக், துளையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ், வண்ணக் கண்ணாடிகள், கொஞ்சம் எடைக் குறைவு. தசமத்தோடு எண்ணி 590 சுடும் பிள்ளைக்கு இதில் எது உதவும்? 590ஐ 60ஆல் வகுத்தால் 9.83. அதாவது பெல்லட் மையத்திலிருந்து சராசரியாக ஏறக்குறைய மூன்று மி.மீ. விலகி விழுகிறது. ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை மேலே, ஒரு தடவை எங்கோ. இப்படிச் சிதறும் குரூப்புக்கு ஒரு கிளிக் கால் மி.மீ. நகர்த்தினால் என்ன, அதில் பாதி நகர்த்தினால் என்ன? சிதறலை எந்தத் திருகும் ஒன்று சேர்க்காது. குரூப் மொத்தமாக ஒரு பக்கம் விழுந்தால் அதை நடுவுக்குத் தள்ளுவது மட்டுமே திருகின் வேலை.

நுட்பம் பேச வேண்டிய உயரம் ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்துப் பத்தாம் இடத்தோடு வெளியேறினார். ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாம் இடத்தில் இறுதிக்குப் போனார். 60 சுடுதலில் வித்தியாசம் 0.8. அங்கே ஒவ்வொரு கிளிக்குக்கும் விலை உண்டு. மாவட்டப் போட்டியில் 590க்கும் 595க்கும் நடுவே ஊசலாடும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கை இங்கே எடுத்து வருவது வியாபாரத் தந்திரம்.

சைட்தான் எல்லாம் என்பவர்கள் கையில் அபினவ் பிந்த்ரா கதை ஒன்று எப்போதும் இருக்கும். 2008 பெய்ஜிங்கில், தசமம் இல்லாத அன்றைய தகுதிச் சுற்றில் 596 எடுத்து நான்காவதாக இறுதிக்கு வந்தார். இறுதிக்கு முன் சோதனைச் சுடுதலில் பெல்லட் எங்கோ போய் விழுந்தது. இடைவேளையில் யாரோ கைவைத்ததுபோல் தன் சைட் மாறிப் போயிருந்ததைத் தன் சுயசரிதையில் பேசியிருக்கிறார். "பார்த்தீர்களா, சைட் கொஞ்சம் நகர்ந்ததற்கே உலகச் சாம்பியன் தடுமாறினார்" என்று இதைச் சொல்வார்கள். கதையை முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. கிளிக்குகளைத் திருப்பி சைட்டைச் சரி செய்துகொண்டார். கடைசிச் சுடுதலில் 10.8 வைத்தார், 700.5 புள்ளிகளோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். 2016 ரியோவிலும் போட்டிக்குச் சற்று முன் அவருடைய ரைபிள் கீழே விழுந்து சைட் உடைந்தது. அந்தக் களேபரத்துக்குப் பிறகும் இறுதிக்குப் போய் நான்காம் இடம் பிடித்தார். எந்த சைட்டை எங்கே, எந்த உயரத்தில், கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் தன் முகத்துக்குப் பொருந்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு அந்த அறிவைத் தராமல் பெட்டியை மட்டும் வாங்கித் தருகிறோம். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்காமல் பிரேமை மட்டும் பார்த்து வாங்கும் வேலைதான் இது.

"முகத்தை சைட்டுக்குப் பழக்கு" என்ற உத்தரவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது என்.சி.சி. முகாம்தான். பேக்சைட்டின் 'யு', போர்சைட்டின் நுனி, இலக்கு என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரச் சொல்லி, கத்துகிற ஹவில்தாரிடம் .22 ரைபிள் பிடிக்கக் கற்ற தலைமுறை இன்று அப்பாவாகவும் பயிற்சியாளராகவும் இருக்கிறது. திறந்த 'யு' சைட்டில் கண் உழைத்துத்தான் ஆக வேண்டும். நுனியை 'யு'வின் நடுவில் நிறுத்துவது கண்ணின் பொறுப்பு. பீப் சைட் வந்ததே அந்த உழைப்பைக் குறைக்கத்தான். துளை வழியே பார்க்கும் கண், தான் பார்ப்பதை வட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ரியர் துளையைப் பார்க்கவே வேண்டாம். அதனூடாகப் பார்த்தால் போதும். ஆனால் இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: தலை அலுங்காமல் வந்து உட்காரும் இடத்துக்கு நேராகத் துளை இருக்க வேண்டும். நிபந்தனையை மறந்துவிட்டு, முகாமில் கேட்ட பழைய பாடத்தைப் புதிய சைட்டுக்கும் ஓதுகிறார்கள்.

பொருத்தியிருப்பது சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எந்த ரேஞ்சிலும் செய்யலாம். பெல்லட் வேண்டாம். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜாக்கெட் மாட்டி, கால்களை வழக்கம்போல் வைத்து, ரைபிளைத் தூக்கித் தோளில் பட் பிளேட்டை அமர்த்துகிறாள். கண்ணை மூடச் சொல்ல வேண்டும். இரண்டு மூச்சு. தலை தன் எடைக்கே, கன்னம் வைக்கும் சீக் பீஸில் போய்ச் சாயட்டும். அவள் தேட வேண்டாம். பத்து எண்ணிவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள்.

"என்னம்மா தெரியுது?"

"கூண்டு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு சார். பாதிதான் தெரியுது."

கண் துளையைவிட உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை மாதம் அவள் ஒவ்வொரு முறையும் தலையை அழுத்திக் கீழே இறக்கி இதைச் சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். 60 முறை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தினாளா? முடியாது. முப்பதாவது சுடுதலுக்குப் பிறகு பின்னங்கழுத்து இறுகும், அழுத்தம் மாறும், கண் துளைக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கும், பெல்லட் வேறெங்கோ விழும். ஸ்கோர் ஷீட்டில் பார்த்தால் முதல் இருபது நன்றாக இருக்கும், கடைசி இருபது ஊத்திக்கொள்ளும். "கான்சென்ட்ரேஷன் இல்ல" என்று அவளுக்குத் திட்டு விழும். யோகா வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். குற்றவாளி ஒரு சென்டிமீட்டர் உயரக் குறைவு.

மருந்து: இரண்டு சைட்டுக்கும் அடியில் ஒரே உயரத்தில் ரைசர் வைத்து உயர்த்துவது. தலை நிமிர்ந்து நிற்கும்; விழி நேராகப் பார்க்கும். தலை குனிந்தோ சாய்ந்தோ இருந்தால் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு தரும் சேதி குழம்பும், நிற்பதே தள்ளாடும். நின்று சுடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆறு மி.மீ. உயர்த்தினால் பெல்லட் ஏறக்குறைய ஆறு மி.மீ. கீழே விழும். கால் மி.மீ. கிளிக் என்றால் இருபத்து நான்கு கிளிக் மேலே. கணக்குத் தீர்ந்தது.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் வரும், அதுவும் அனுபவசாலிகளிடமிருந்து. "சைட்டை உசத்தாதீங்க, ரைபிள் கொஞ்சம் சாஞ்சாலும் பெல்லட் பக்கத்துல ஓடிடும்" என்பார்கள். பல ரேஞ்சுகளில் ரைசர் என்ற பேச்சே எடுக்க முடியாதபடி இந்தப் பயம் வேரூன்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் கிளம்புகிறது. பத்து மீட்டர் போவதற்குள் ஈர்ப்பால் 17, 18 மி.மீ. கீழே இறங்கும். ஆகவே பெல்லட் குறியிலேயே விழ, குழல் அந்த அளவு மேலே நோக்கும்படிதான் சைட்டை ஜீரோ செய்திருப்போம். இப்போது பார்வைக் கோட்டை அச்சாக வைத்து ரைபிளைச் சாய்த்தால், அந்த 17, 18 மி.மீ. தூக்கலும் கூடவே சாயும். பெல்லட் அதனால்தான் பக்கம் விலகுகிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் விலகல் 0.3 மி.மீ. சைட் குழலுக்கு மேல் நான்கு செ.மீ. உயரத்தில் இருந்தாலும் ஏழு செ.மீ. உயரத்தில் இருந்தாலும், அந்த உயரத்தில் ஜீரோ செய்துவிட்டால் விலகல் அதே 0.3தான். உயரம் கணக்குக்குள் வரவே இல்லை. சாய்வு சுடுதலுக்குச் சுடுதல் மாறுவதுதான் ஆபத்து. தலையை அழுத்திப் பிடிக்கிற பிள்ளையிடம்தான் அந்தச் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். ஆக, எந்த நோய்க்குப் பயந்து ரைசரை ஒதுக்குகிறார்களோ அந்த நோயை ரைசர் இல்லாமைதான் வளர்க்கிறது.

முன்னும் பின்னும் நகர்த்துவதில் இன்னொரு பிடிவாதம். சைட்டுக்கு சைட் இடைவெளி கூடினால் துல்லியம் கூடும், அதனால் ரியர் சைட்டை ரெயிலின் கடைசி முனைக்குத் தள்ளு என்பது. இடைவெளி கூடினால் கோணப் பிழை குறையும் என்பது உண்மை. எவ்வளவு? 80 செ.மீ.யை 83 ஆக்கினால் நூற்றுக்கு நான்குகூட இல்லை. அதற்காகக் கண் இமையில் இடிக்கிற தூரத்துக்குத் துளையைக் கொண்டு வந்தால், பிள்ளை தன்னையறியாமல் தலையைப் பின்னுக்கு இழுக்கும். சீக் பீஸில் கன்னம் நழுவும். துளைக்கும் கண்ணுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் இருந்து, கண்ணைத் திறந்ததும் கூண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம அளவில் வெளிச்ச வளையம் தெரிந்தால் அதுதான் அந்த முகத்துக்கான இடம். ஐம்பது மீட்டர் .22 சுடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: குப்புறப் படுத்தால் தலை முன்னே போகும், சைட்டும் முன்னே போக வேண்டும்; எழுந்து நின்றால் பின்னே. மூன்று நிலைக்கு மூன்று இடம் குறித்து வைத்திருப்பார்கள். ஒரே ஒரு இடம்தான் சரி என்ற எண்ணம் ஒரே நிலையில் சுடும் நம் ஏர் ரைபிள்காரர்களிடம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

துளையின் அளவுக்கு வருவோம். "சின்னத் துளை, கூர்மையான பார்வை" என்பது இந்த வட்டாரத்தின் அசைக்க முடியாத இன்னொரு நம்பிக்கை. ஐரிஸ் உள்ள சைட் வாங்கியதும் பிள்ளை முதலில் செய்வது அதை மூடிக்கொண்டே போவதுதான். கறுப்பு வட்டம் கறாராகத் தெரிகிறதாம். ஓரளவு வரை உண்மை. சிறு துளை, அருகிலுள்ள வளையத்தையும் தூரத்து இலக்கையும் ஒருசேரத் தெளிவாக்கும். அதற்கு அப்பால் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் வரும் விளிம்பு விளைவு குறுக்கே நிற்கும். துளை சுருங்கச் சுருங்க ஒளி விரியும். 1.2 மி.மீ. துளை வழியே பார்த்தால் இலக்கின் ஒரு புள்ளி சுமார் ஐந்தரை மி.மீ. ஆரத்துக்குப் பரவித் தெரியும். 0.6க்கு மூடினால் பதினொரு மி.மீ. இலக்கின் கறுப்பே 30.5 மி.மீ.தான் என்பதை நினைவில் வையுங்கள். விளிம்பு கரைந்து சாம்பலாகும். கூடவே வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். மேல்மாடி ரேஞ்சில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கில் சுடும் நாளில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மேலும், பிள்ளைகளின் விழிலென்சு இளகியது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானே மாற்றிக்கொள்ளும். சிறு துளையின் தயவு அவர்களுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வேண்டுமானால் தேவைப்படலாம். நடிகர் அஜித் குமார் 2021இல் சென்னையிலும் 2022இல் திருச்சியிலும் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பிறகு ரேஞ்சுக்கு வந்த நடுவயதுக்காரர்களை நினைத்துச் சொல்கிறேன். (அவர் பிஸ்டல் சுடுகிறவர் என்று யாரும் அவர்களுக்கு நினைவூட்டவில்லை போலிருக்கிறது, பாதிப் பேர் ரைபிள் கேட்கிறார்கள்.) 1.1, 1.2 மி.மீ. பக்கத்தில் தொடங்கி, விளிம்பு கறுப்பாகவும் வெளிச்சம் தாராளமாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்தினால் போதும். அப்படி நிறுத்தியபின் தொடாத ஐரிஸுக்கும், ஒற்றைத் துளை போட்ட சாதாரணத் தகட்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும் உள்ளரங்கில் இன்னும் குறைவு.

கண்ணாடி போட்ட பிள்ளை விஷயத்தில் நடப்பது அநியாயம். "பவர் இருக்கா? அப்ப பெரிய சைட் வாங்குங்க." ரைபிளில் தொலைநோக்கி வைக்கத்தான் தடை, சுடுகிறவர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். ரைபிளில் கன்னம் சாய்ந்ததும் பார்வை வழக்கமான கண்ணாடியின் நடுவில் போகாது. மூக்கோரத்து மேல் மூலை வழியாகப் போகும். அங்கே லென்ஸ் பிம்பத்தை ஒதுக்கிக் காட்டும். பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக லென்ஸ் நிற்கும்படி திருப்பி வைக்கக்கூடிய சுடுதல் பிரேம் ஒன்று இதைத் தீர்த்துவிடும். கண் மருத்துவரிடம், "ஒரு மீட்டரில் உள்ள வளையம், பத்து மீட்டரில் உள்ள இலக்கு, இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும்" என்று சொன்னால் தூரப் பார்வை பவரோடு அரை டயாப்டர் கூட்டுவது பற்றி அவர் யோசிப்பார். முதலில் லென்ஸ், பிறகுதான் சைட். பவர் சரியில்லாத கண்ணுக்கு எந்த நாட்டுத் துளையும் ஒன்றே.

இடக் கண்ணை இறுக மூடாதே, மறைப்பு அட்டை வை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. நாவலூரிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் சைட்டின் கிளாம்ப் திருகுகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த திருகை அலன் கீ போட்டுத் திருப்பப் பயந்து, சைட்டை நகர்த்தாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை அறிவேன். மாதம் ஒருமுறை கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் சைட் ரெயிலில் கோணலாக உட்காரும்.

கடைசி ஆட்சேபத்தைப் பயிற்சியாளர்கள்தான் வைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. "எங்க கிட்ட நாலு கிளப் ரைபிள், முப்பது பசங்க. ஒவ்வொருத்தனுக்கும் சைட்டை நகத்திக்கிட்டு இருந்தா பயிற்சி எப்ப நடக்கும்?" எழும்பூர் சென்னை ரைபிள் கிளப் தொடங்கி நேற்றுத் திறந்த மாடி ரேஞ்ச் வரை, துப்பாக்கி குறைவு, பிள்ளைகள் அதிகம் என்பதுதான் நிலைமை. ஆனால் இந்த வாதம் ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறது: இப்போது அந்த சைட் யார் முகத்துக்கும் இல்லை. முப்பது பேரும் யாரோ ஒரு முப்பத்தோராமவரின் கழுத்தைக் கடன் வாங்கிச் சுடுகிறார்கள்.

நேரம் அப்படியொன்றும் போகாது. ஒரு பிள்ளைக்கு முதல்முறை பொருத்த ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். அதன் பிறகு ரெயிலின் பக்கத்தில் ஒட்டிய காகித ஸ்கேலில் சைட் நின்ற எண், சீக் பீஸ் உயரம், பட் பிளேட் நீளம், ரைசர் எத்தனை மி.மீ., ஜீரோ கிளிக் மேலும் பக்கமும் எத்தனை என்று ஒரு நோட்டில் ஒரே வரி. அடுத்த நாள் அந்த வரியைப் பார்த்து ரைபிளை அவளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது, அவளே மாற்றிக்கொள்வாள். பதினான்கு வயதுப் பையன் ஒரு கோடை விடுமுறையில் இரண்டு அங்குலம் வளர்ந்து வருவான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கண்ணை மூடித் திறக்கும் சோதனையை மறுபடி வைத்து அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். அப்போதும் கூண்டு நடுவில் வராமல், ரெயிலில் நகர்த்த இடமும் தீர்ந்து, ரைசரும் எட்டாமல் போனால், அல்லது அந்த இருபத்தைந்து பெல்லட்டில் சதுரம் மூடாமல் போனால், அப்பாவைக் கூப்பிட்டுப் புது சைட் வாங்கச் சொல்லுங்கள். எந்த அளவுக்கு, எதற்காக என்று நோட்டைக் காட்டியே சொல்லலாம்.